மூன்று மணிக்கு லைட் எரியும் ஊரில் உறக்கம் கெட்டால்: எதை எங்கே சரிபார்ப்பது

எங்கள் வீட்டில் மூன்று கடிகாரம் ஓடுகிறது. வீட்டுக்காரர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறார். விடியக்காலம் மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிடுவார். நான் நர்ஸ், மாதத்தில் பத்து நாளாவது நைட் டியூட்டி. கொழுந்தன் துபாயில். அவர் வேலை முடிந்து குளித்து, சாப்பிட்டுவிட்டு வீடியோ காலில் வரும்போது அங்கே மணி எட்டரை, இங்கே பத்து. மாமியார் போனைப் பிடித்துக்கொண்டு வீட்டில் ஒவ்வொரு முகமாகக் காட்டி முடிக்கப் பதினொன்று ஆகிவிடும். நாலு மணி நேரத்தில் அலாரம்.

இந்த மாவட்டத்தில் பாதி வீட்டு உறக்கக் கேடு இப்படித்தான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. எழும்புகிற நேரம் தாத்தா காலத்திலிருந்து மாறவில்லை. பால் வெட்டு, வள்ளம், சந்தை, முதல் பஸ் எல்லாம் பழைய நேரம்தான். படுக்கிற நேரம் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. ஆனால் எல்லோருக்கும் கோளாறு அங்கேதான் என்று சொல்லிவிட முடியாது. அதனால் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் பார்த்தாலும் போதும், நோட்டுப் பகுதியைத் தவிர. அது எல்லோருக்கும்.

தொடங்கும் முன் ஒரு நோட்டு

பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். இரண்டு வாரம், தினமும் காலையில் ஒரே வரி: எப்போது படுத்தீர்கள், ஏறத்தாழ எப்போது உறங்கியிருப்பீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள். கூடவே கடைசி சாயா எத்தனை மணிக்கு, பகலில் எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தீர்கள். ராத்திரி விழித்து மணி பார்த்து எழுத வேண்டாம். காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும். கையில் கட்டும் வாட்ச் காட்டுகிற ‘ஆழ்ந்த உறக்கம்’ கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து அது ஊகிக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்தே உறக்கத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு வேண்டும்? வளர்ந்தவர்களுக்கு 7 மணி நேரமாவது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 9 முதல் 11, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10. பரீட்சைக்காக உறக்கத்தைக் குறைக்கும் வீடுகளுக்கு ஒன்று: பகலில் படித்தது மனதில் பதிவதே உறக்கத்தில்தான்.

குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் சர்க்கரை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியமுள்ள 11 இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். அந்த ஆறு நாளிலேயே உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. பிறகு நன்றாக உறங்க விட்டதும் திரும்பி வந்தது. ரத்த அழுத்தமும் அப்படித்தான். நல்ல உறக்கத்தில் அது பத்து சதவீதத்துக்கும் மேல் இறங்கி ஓய்வெடுக்கும். உறங்காதவருக்கு அந்த ஓய்வு இல்லை. மரச்சீனிக் கிழங்கைக் குறைத்தும் சர்க்கரை குறையவில்லையே என்று அங்கலாய்ப்பவர்கள், எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படுத்து ஒரு மணி நேரமாகியும் கண் மூடவில்லை

முதலில் சாயாவைப் பாருங்கள். நாள் முழுக்க விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். உறக்கம் கண்ணை அழுத்துவது அதனால்தான். காஃபீன் போய் அது உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, நமக்குத் தெரியாமல் போகிறது. உடம்பில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு ரசவடையோடு குடித்த கட்டன் சாயாவில் பாதி, பதினொரு மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. “எனக்கு சாயா குடிச்சாலும் உறக்கம் வரும்” என்பார்கள். வரும், ஆழம் குறையும். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு சாயா இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மாலையில் கை சும்மா இருக்காது என்றால் காப்பித்தூள் போடாத சுக்குக் காப்பி.

சாயாவில் தப்பில்லை என்றால், அடுத்தது வெளிச்சம். இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் இருட்டினால்தான் சுரக்கும். படுக்க ஒரு மணி நேரம் முன்பே பெரிய லைட்டுகளை அணைத்து ஒரு சின்ன பல்பில் இருங்கள். போனில் வெளிச்சத்தை விட அதில் வரும் சங்கதிதான் எனக்குப் பெரிய எதிரி. குடும்பக் குரூப்பில் வந்த ஒரே ஒரு குரல் பதிவு போதும், பன்னிரண்டு மணி வரை மனசு பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

இரவில் இருட்டு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் காலை வெளிச்சம். உடம்பின் கடிகாரம் தினமும் அதில்தான் திருத்திக்கொள்கிறது. நாம் பூமத்திய ரேகைக்கு 8 பாகைதான் வடக்கே இருக்கிறோம். வருடம் முழுக்கச் சூரியன் ஆறுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் எழும்பிவிடும். வெளியூர்க்காரர்கள் லாட்ஜ் எடுத்துத் தங்கி முக்கடல் கரையில் காத்திருந்து பார்க்கும் வெளிச்சம், நமக்கு முற்றத்தில் சும்மா கிடைக்கிறது. அரை மணி நேரம் அங்கே நின்று முற்றம் பெருக்கினால் போதும்.

அடுத்து சூடு. உறக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். நம் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, சூடு வெளியேறாது. கான்கிரீட் கூரை பகல் வெயிலைக் குடித்துவிட்டு நடுராத்திரி வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. படுக்க ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். தோலுக்கு ரத்தம் வந்து, பிறகு சூடு வெளியேறும். எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். ஃபோம் மெத்தை முதுகுச் சூட்டைப் பிடித்து வைக்கும். கோடையில் பாய் தேவலை.

இதெல்லாம் சரியாக இருந்தும் உறக்கம் வரவில்லை என்றால், கட்டிலே பழுதாகியிருக்கிறது. கட்டிலைச் சொல்லவில்லை, கட்டிலுக்கும் உங்களுக்கும் உள்ள பழக்கத்தைச் சொல்கிறேன். படுத்துக்கொண்டு கவலைப்பட்டுப் பழகினால், படுத்ததும் கவலை வரும். இதற்கு மருந்தை விட நல்ல வைத்தியம் ஒன்று உண்டு: இருபது நிமிடம் போல ஆகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், சுவாரசியமே இல்லாத வேலை ஒன்று செய்யுங்கள். கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் போங்கள். மறுபடி வரவில்லையா, மறுபடி எழுந்திருங்கள். எத்தனை மணிக்கு உறங்கினாலும் எழும்பும் நேரம் மட்டும் மாறக்கூடாது.

நான் தேர்ந்தெடுத்த வேலை முருங்கை இலை உருவுவது. அடுக்களையில் ஜீரோ வாட்ஸ் பல்பு, மடியில் முறம், ஒவ்வொரு காம்பாக. பூச்சி இருக்கிறதா என்று பார்க்கக்கூட வெளிச்சம் போதாது. அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் மூன்று முறம் ஆனது. “ஏன் தினமும் முருங்கை இலைக் கறி?” என்று வீட்டுக்காரர் கேட்டார். மூன்றாவது வாரம் பாதி முறத்திலேயே தலை சாய்ந்தது.

நடுராத்திரி விழித்தால் அப்புறம் உறக்கமில்லை

இது கோளாறுதானா என்று முதலில் பாருங்கள். மாமனாருக்கு எழுபத்து நாலு வயது. “மூணு மணிக்கு முழிப்பு வந்துருது, என்ன வியாதியோ” என்று ஒரு வருடம் புலம்பினார். நோட்டு எழுதினோம். எட்டு மணிக்குப் படுக்கிறார். எட்டிலிருந்து மூன்று எத்தனை? ஏழு. உறக்கம் முடிந்துதான் எழுகிறார். வயதாக ஆக உடம்புக் கடிகாரம் முன்னால் நகரும். படுக்கையை ஒன்பதரைக்குத் தள்ளினோம், விழிப்பும் தள்ளிப் போனது. ராத்திரியில் ஒன்றிரண்டு தடவை விழிப்பதும் இயல்புதான். உறக்கம் தொண்ணூறு நிமிடம் போலச் சுற்றுச் சுற்றாக ஓடுகிறது, சுற்று முடியும் இடத்தில் மேலே வந்து போவோம்.

அடுத்து, குடி. ஒரு குவாட்டர் போட்டால் உடனே கண் சொக்கும் என்பது உண்மை. ஆனால் அது கரைந்து இறங்கும் பின்னிரவில் உறக்கம் துண்டு துண்டாகும், கனவு முரட்டுத்தனமாகும், குறட்டை கூடும். இதை உறக்க மருந்தாக நினைப்பவர்கள் அதிகம்.

படுக்கையில் ஒன்பது மணி நேரம் கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் உறங்குகிறீர்கள் என்று நோட்டு சொன்னால், படுக்கை நேரத்தைக் குறைக்க வேண்டும். கேட்க முரணாக இருக்கும். எழும்பும் நேரத்தை நிலையாக வைத்து, உறங்குகிற நேரத்துக்கு மேல் அரை மணி நேரம் மட்டும் படுக்கையில் இருங்கள். ஆறு மணி நேரம் என்று வையுங்கள், ஐந்தரைக்குக் கீழே போக வேண்டாம். உறக்கம் இறுகியதும் வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டுங்கள். முதல் இரண்டு வாரம் பகலில் தள்ளாடும். ஆகவே வண்டி ஓட்டுபவர்கள், வெட்டுக்கத்தி பிடிப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், மனநல மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டர் துணையில்லாமல் இதில் இறங்கக்கூடாது.

விடியுமுன் விழிப்பு, கூடவே எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை வருகிறது, இரண்டு வாரமாக இப்படி என்றால் அது உறக்கக் கோளாறாக மட்டும் இருக்காது. மனநல மருத்துவரைப் பாருங்கள். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள். ஊர் அந்த நேரம் உறங்கிக்கொண்டிருக்கிறது.

எட்டு மணி நேரம் உறங்கியும் பகலில் கண் சொக்குகிறது

குறட்டை உண்டா? உங்களிடம் கேட்டுப் பயனில்லை, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

“உங்க அண்ணன் கட்டில்ல சாய்ஞ்சா போதும், கட்ட மாதிரி உறங்குவாவ” என்று மைனி பெருமையாகச் சொல்வார். அண்ணன் பகலில் கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தே தூங்குகிறவர். ஒருநாள் மைனியிடம் ராத்திரி ரெண்டு நிமிடம் போனில் பதிவு செய்யச் சொன்னேன். குறட்டை ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம் மட்டும். மனதுக்குள் எண்ணினேன், இருபத்திரண்டு வரை எண்ணிவிட்டேன். அதன் பிறகு குளத்தில் முங்கியவர் தலையைத் தூக்கியது மாதிரி ஒரு மூச்சு. மைனியின் பெருமை அன்றோடு போனது.

உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது; ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி எழுப்புகிறது. எழுந்தது நினைவிருக்காது. காலைத் தலைவலி, வறண்ட வாய், மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் எல்லாம் இதன் தடயம். குண்டாக இருப்பவர்களுக்கு அதிகம் என்றாலும் மெலிந்தவர்களுக்கும் வரும். ஒருக்களித்துப் படுப்பது, எடை குறைப்பது, குடியை விடுவது உதவும். ஆனால் மூச்சு நிற்பதைக் கண்டால் அதோடு நிறுத்தாமல் ஈ.என்.டி. அல்லது நெஞ்சக மருத்துவரிடம் போய் உறக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். அண்ணனுக்கு முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷின் கொடுத்தார்கள். “யானைத் தும்பிக்கையை மூஞ்சில கட்டுன மாதிரி இருக்கு” என்று ஒரு வாரம் சண்டை போட்டார். இப்போது வெளியூர் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போகிறார்.

எழும்பும் நேரம் என் கையில் இல்லை

நம் மாவட்டத்துக்கே உரிய தலைப்பு இது. ரப்பர் பால் விடியுமுன்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே மூன்று மணியை மாற்றச் சொல்ல முடியாது. மாற்ற முடிந்தது மாலை மட்டும். வீட்டுக்காரருக்கு இப்போது எட்டு மணிக்கு முன் சாப்பாடு, எட்டரைக்குப் படுக்கை. ஆறரை மணி நேரம் கிடைக்கிறது. பாலெடுத்து, ஷீட் அடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கண்ணயர்வார். மூன்று மணிக்கு மேல் பகல் உறக்கம் வேண்டாம். இரவுப் பசியைக் கெடுக்கிற பலகாரம் மாதிரி அது.

இங்கே சிக்கல் மழை. நமக்கு இரண்டு பருவமழை. பட்டையில் மழைக்காப்பு ஒட்டாத தோட்டத்தில் மழை நாளில் வெட்டு இல்லை. அன்றைக்கு ஏழு மணி வரை உறங்கிவிட்டு, மறுநாள் மறுபடி மூன்று மணி என்றால், உடம்புக்கு அது ஊர் விட்டு ஊர் பறந்த மாதிரி. வெட்டு இல்லாத நாளிலும் நாலு, நாலரைக்கு மேல் படுக்காமல் இருப்பது நல்லது. இலை உதிர்ந்து வெட்டை நிறுத்தி வைக்கும் மாதங்களிலும் இதே கதை. கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம்: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுக்காரர்கள் அந்த இரண்டு மாதத்தில் ராத்திரி ஒரு மணி வரை விழித்துப் பழகிவிட்டு, தடை முடிந்ததும் முதல் நாளே கடலுக்குப் போகிறார்கள். தடை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே தினமும் அரை மணி நேரம் முன்னால் படுத்து எழுந்து பழகுவது அவர்களுக்கு நல்லது.

ஒரு கணக்கு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. மூன்று மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் எப்போது முடிகிறது? ராத்திரி எட்டு மணிக்கு. ரிசப்ஷனுக்குப் பைக் எடுக்கிற நேரம். அன்றைக்குப் பின்னால் உட்கார்ந்து போங்கள்.

நைட் டியூட்டிக்காரர்களுக்கு என் வழி: போகுமுன் சாயங்காலம் ஒரு மணி நேரம் உறக்கம், சாயா டியூட்டியின் முதல் பாதியில் மட்டும், காலையில் கூலிங் கிளாஸ் போட்டு நேராக வீடு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வீட்டில் எல்லோரிடமும் ஒரு பேச்சு, பன்னிரண்டு மணி வரை யாரும் கதவைத் தட்டக்கூடாது என்று. டியூட்டி முடிந்து ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். நான் பஸ்தான். தக்கலையில் இறங்கி மாற வேண்டியவள் மார்த்தாண்டத்தில் கண் விழித்திருக்கிறேன். ஸ்கூட்டரில் அந்தச் சலுகை கிடையாது.

கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது

படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது மாதிரி, காலை அசைத்தால் தணிகிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது. சோர்வு, வாயு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலம் போகும். பலருக்கு இரும்புச் சத்துக் குறைவே காரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு இரும்பு குறைந்திருக்கலாம். ஆகவே ஃபெரிட்டின் பரிசோதனையைக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது அடிக்கடி வரும். மறுபடியும் சாயாதான்: சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சளிக்குப் போடும் சில மாத்திரைகளும் இந்தக் குடைச்சலைக் கூட்டும்.

ஒன்றுக்குப் போக மூன்று தடவை எழும்புகிறேன்

படுக்க இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். கால் வீக்கம் உள்ளவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்தால், ராத்திரி இறங்க வேண்டிய நீர் அப்போதே இறங்கும். நீர் பிரிய வைக்கும் ரத்த அழுத்த மாத்திரையை இரவில் போடுகிறீர்களா? காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரையும் ஆண்களுக்குப் புராஸ்டேட்டும் பார்க்க வேண்டும். இன்னொன்று, மேலே சொன்ன மூச்சடைப்பும் சிறுநீரைக் கூட்டும். அண்ணனுக்கு மெஷின் வந்த பிறகு மூன்று தடவை ஒன்றாகிவிட்டது.

நெஞ்சு எரிச்சலும், நெஞ்சில் ஏறும் பேயும்

எரிச்சலுக்கு: ராத்திரி மீன் குழம்பும் கிழங்கும் தின்ற கையோடு படுக்காதீர்கள், இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். தலையணையை அடுக்காமல், கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு ஒரு செங்கல் வையுங்கள். இடதுபுறம் படுங்கள்.

பேய்க்கு: கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை, யாரோ மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். கனவு வரும் உறக்கத்தில், கனவை நாம் நடித்துவிடாமல் இருக்க மூளை தசைகளைப் பூட்டி வைக்கும். பூட்டு திறக்குமுன் விழிப்பு வந்துவிட்டால் இப்படி இருக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே விலகும். உறக்கம் குறைந்த வாரத்தில், மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். இசக்கியம்மனுக்கு நேர்ந்தது நேர்ந்ததாக இருக்கட்டும், உறங்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.

கோயில் கொடை, பெருநாள், ஸ்பீக்கர்

ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். இதைச் சொல்லி ஊரில் பகை வாங்க எனக்குத் தெம்பில்லை. காதில் பஞ்சடைப்பான், ஃபேன் ஓடும் இரைச்சல், மறுநாள் மதியம் இருபது நிமிட உறக்கம். வில்லுப்பாட்டு நன்றாக இருந்தால் போய்க் கேட்டுவிட்டு வருவது இன்னும் உத்தமம்.

மாத்திரை போட்டால்தான் உறக்கம்

அல்பிரசோலம் போன்ற உறக்க மாத்திரைகள் மருந்து விதிகளின் ஹெச்1 பட்டியலில் உள்ளவை. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, தந்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு மருந்துக் கடையில் மூன்று வருடம் சும்மா வாங்கியிருக்கிறார். ஒருநாள் வைராக்கியமாக நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுக்கம், படபடப்பு. இந்த மாத்திரைகளை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர் மேற்பார்வையில் வாரக் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். வயதானவர்களுக்கு ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இவையும் ஒரு காரணம்.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் உறக்கம் கெட்டிருந்தால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். “உறக்கமே இல்லை டாக்டர்” என்று மட்டும் சொன்னால் கிடைப்பது மாத்திரைதான். நோட்டைக் காட்டினால் கேள்வி வரும்.

எங்கள் வீட்டுப் பத்து மணி போன் மதியத்துக்கு மாறிவிட்டது. கொழுந்தன் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுகிறார். அங்கே ஒரு மணி, இங்கே இரண்டரை. தன் மதிய உறக்கம் கெட்டுப் போகிறது என்று மாமியாருக்கு இப்போது குறை.